பண்ணைக்காட்டுக்காரி சொன்னது

ஒரு பேரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாய் தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகாது. அதைச் சொல்லாம நான் ஒரு வருசத்தை ஓட்டினேன். கடைசியில சொல்ல வேண்டிய அன்னைக்கு வேற ஒண்ணைச் சொல்லித் தொலைச்சேன்.

நான் கேம் வீடியோ போடுறவ. பள்ளங்கியில கேரட்டும் பூண்டும் போடுற வீட்டுல பொறந்துட்டு இது என்ன பொழப்புன்னு கேக்காத ஆளு எங்க சொந்தத்துல கிடையாது. காலையில வெள்ளனே பஸ் புடிச்சுக் கொடைக்கானல் போயி, ஒரு காட்டேஜ் ரிசப்ஷன்ல உக்காந்து, ஹீட்டர் ஏன் சூடாகலன்னு வர்றவங்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிட்டு சாயங்காலம் வீடு வந்து சேருவேன். ஞாயித்துக்கிழமை மத்தியானத்தோட ஊருலேருந்து வந்தவங்க ரூமைக் காலி பண்ணிட்டு மலை இறங்கிருவாங்க. நானும் வெரசா வந்துருவேன். அன்னைக்கு நாலு மணிக்கு என் வீடியோ.

ஒரு கேம் வரப்போகுதுன்னு ரெண்டு வருசமா சொல்லிட்டு இருந்தாங்க. சுடுறது வெட்டுறது எதுவும் இல்லாத கேம். ஆளுங்களை நாமளே உருவாக்கி, வீடு கட்டிக் குடி வச்சு, சமைக்க வச்சு, சண்டை போட வச்சு, சமாதானம் பண்ணி வைக்கலாம். "அதைத்தான் இங்க நெசமாவே செஞ்சுட்டுக் கெடக்கோமே, அதுக்கு எதுக்குடி கரண்டு?"ன்னு அம்மா கேட்டுச்சு.

அந்தக் கம்பெனிக்காரங்க வாயே திறக்க மாட்டாங்க. சில வாரத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு படம் விடுவாங்க. கீழ ஒரு வார்த்தை எழுதியிருக்காது. அவ்வளவுதான், உலகம் பூரா இருக்குற எங்களை மாதிரி பைத்தியங்க அந்தப் படத்தை வச்சுக்கிட்டு, இதுல மழை வருமா, கொழந்தை உண்டா, பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டுவானான்னு குறி சொல்ல ஆரம்பிச்சுருவோம். நானும் சொன்னேன். ஆனா குறி என்னோடது இல்ல.

எங்க அண்ணன் பொண்டாட்டி, என் மதினி, பண்ணைக்காட்டுல இருந்து வந்தவங்க. எட்டு வருசமாச்சு. அவங்க அப்பா வீட்டுல காப்பித் தோட்டம், மிளகு, வாழை. சின்ன வயசுல பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தட்டு நிறைய காப்பிக்கொட்டையை மடியில வச்சுக்கிட்டு, கறுப்பும் ஒடசலும் பூச்சி ஓட்டை போட்டதும் பொறுக்கி எடுக்கிறதுதான் அவங்க சோலி. "நல்ல கொட்டை ஆயிரம் கெடந்தாலும் கண்ணு அதுல நிக்காது புள்ள. கூட்டத்துல சேராத ஒண்ணு இருக்கும் பாரு, அதுலதான் போயி நிக்கும்"னு சொல்லுவாங்க.

மொதப் படம் வந்த அன்னைக்கு நான் அடுப்படியில உக்காந்து போனைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டு இருந்தேன். ஒரு சமையலறை. மேசை. ஒரு பொம்பள நிக்குறா. முப்பது தடவை பாத்தும் ஒரு மண்ணும் தெரியல. மதினி பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தவங்க, என் தோளுக்கு மேல எட்டிப் பாத்தாங்க.

"இவ இந்த வீட்டுக்குப் புதுசு" அப்படின்னாங்க.

"எப்படி மதினி சொல்றீங்க?"

"அலமாரி அத்தனையும் திறந்து போட்டிருக்கா பாரு. பழகுன வீட்டுல யாராச்சும் எல்லாக் கதவையும் திறப்பாங்களா? கை தானா போயி உப்பை எடுக்கும். இவளுக்கு உப்பு எங்க இருக்குன்னு தெரியல. கேக்கவும் ஆளில்ல."

சொல்லிட்டு அவங்க பாட்டுக்கு பீன்ஸ் நறுக்கப் போயிட்டாங்க. எனக்கு ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. அப்ப அந்தக் கேம்ல கல்யாணம் பண்ணி இன்னொரு வீட்டுக்குப் போக முடியும், புது வீடுன்னா தடுமாறுவாங்க, பழகப் பழகச் சரியாகும்! உலகத்துல ஒருத்தரும் இதைக் கவனிக்கல. அந்த ஞாயித்துக்கிழமை வீடியோவுல நான் அலமாரி ஒவ்வொண்ணையும் வட்டம் போட்டுக் காட்டி, "நான் இதை உத்துப் பாத்தேன் மக்களே"ன்னு ஆரம்பிச்சேன். கூசாம சொன்னேன். அதுவரைக்கும் என் வீடியோவைப் பாத்தது என் காட்டேஜ்ல வேலை பாக்குறவங்களும் தூரத்துச் சொந்தமும்தான். அந்த வாரம் கமெண்ட் வந்து குவிஞ்சுச்சு. கழுகுக் கண்ணு அக்கான்னு ஒருத்தர் பேரு வச்சாரு. அதுவே நெலைச்சுப் போச்சு.

மதினியும் கேட்டாங்க. பூண்டுக்காட்டுல களை எடுக்கும்போது போனை இடுப்புல சொருகிக்கிட்டு என் வீடியோவை ஓட விட்டுருவாங்க. "நல்லாத்தான் சொன்ன புள்ள, என்னையவிட நல்லா சொன்ன"ன்னு சிரிச்சாங்க. நெசமாத்தான் சிரிச்சாங்க, குத்திக் காட்டல. குத்திக் காட்டியிருந்தா எனக்குச் சண்டை போடவாச்சும் ஒரு சாக்குக் கெடச்சிருக்கும்.

அப்புறம் இதுவே வழக்கமாச்சு. படம் வரும். நான் அடுப்படிக்கு ஓடுவேன். பெரிய ஆராய்ச்சியெல்லாம் இருக்காது. குழம்பைக் கிண்டிக்கிட்டே ஒரு பார்வை, ஒரு வார்த்தை. கொடியில காயுற துணியைப் பாத்து, "ஈரம் சொட்டுது, தரையில பாரு நனைஞ்சிருக்கு"ம்பாங்க. அப்ப துணி துவைச்சா காயணும், வெயில் உண்டு, மழையும் உண்டு. இப்படி.

எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டது கேக் விஷயம்தான். ஒரு மாசம் விட்டு ரெண்டு படம் விட்டாங்க. ரெண்டுலயும் ஒரே பொம்பள வாசல்ல நின்னு செடிக்குத் தண்ணி ஊத்துறா. ரெண்டும் ஒரே படம்தான், வேற பக்கத்துல இருந்து எடுத்திருக்காங்கன்னு எல்லாரும் சலிச்சுக்கிட்டாங்க. நானும் கம்பெனிக்காரனைத் திட்டி ஒரு வீடியோ போடத் தயாரா இருந்தேன். மதினி போனை வாங்கி ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க.

"நெழலு மாறியிருக்கு. அது காலையில, இது சாயங்காலம். சன்னல் வழியா உள்ள பாரு, மேசை மேல கேக்கு. காலையில முழுசா இருக்கு. சாயங்காலம் பாதிதான் இருக்கு."

"சரி, அதனால என்ன மதினி?"

"அதனால என்னவா? இவ வாசல்ல நிக்குறா, நாம இவளையே பாத்துட்டு இருக்கோம். உள்ள யாரோ கேக்கைத் தின்னுருக்காங்கல்ல? நாம பாக்காத ஆளும் அவங்க பாட்டுக்குப் பொழைக்கிறாங்க புள்ள. பாத்தாதான் ஆளுன்னு இல்ல."

இப்ப எழுதும்போது இந்த வார்த்தை என் செவுள்ல அறையுது. அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்? "சூப்பர் மதினி!"ன்னு கத்திட்டு ரூமுக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கிட்டு வீடியோ எடுத்தேன். அதுதான் என்னை ஊரறிய வச்ச வீடியோ.

அதுக்கப்புறம்தான் மதினி அதைக் கேட்டாங்க. ஒரு மத்தியானம், பூண்டைத் தரம் பிரிச்சுக்கிட்டு இருக்கும்போது, என் மூஞ்சியைப் பாக்காமலே கேட்டாங்க.

"ஏ புள்ள, ஒரு தடவை என் பேரைச் சொல்லேன். எங்கம்மாவுக்கு அனுப்புவேன். அது கேட்டாச் சந்தோசப்படும்."

"ஐயோ, இதுக்கென்ன மதினி, அடுத்த வாரமே சொல்றேன்"னேன்.

சொல்லல. அடுத்த வாரமும் சொல்லல. "அம்மா திட்டும் மதினி, வீட்டுப் பொம்பள பேரை ஊரெல்லாம் சொல்றியான்னு கத்தும்"னு ஒரு சாக்குச் சொன்னேன். பச்சைப் பொய். எங்கம்மாவுக்கு என் வீடியோ எந்தப் பக்கம் இருக்குன்னுகூடத் தெரியாது. கழுகுக் கண்ணை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரல, அவ்வளவுதான் உண்மை. காட்டேஜ்ல ஹீட்டருக்குத் திட்டு வாங்கி வாங்கி நொந்து போனவளை ஏதோ ஒரு எடத்துல நாலு பேரு மெச்சுறாங்க. அது என்னோடதாவே இருக்கட்டும்னு நெனச்சேன். சீ.

இங்க ஒரு வழக்கத்தைச் சொல்லணும், இல்லன்னா அப்புறம் நடந்தது புரியாது. எங்க தெருவுல கல்யாணமாகி வர்ற பொம்பளைய யாரும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. எந்த ஊர்ல இருந்து வந்தாங்களோ அந்த ஊருதான் பேரு. எதிர் வீட்டு அக்கா கன்னிவாடிக்காரி. அவங்களுக்குப் பேரப்புள்ளைங்களே இருக்கு, இன்னமும் கன்னிவாடிக்காரிதான். எங்க மதினி பண்ணைக்காட்டுக்காரி. அம்மா அப்படித்தான் கூப்பிடும். அண்ணன் "இந்தா"ன்னு கூப்பிடும். நான் நேர்ல மதினிம்பேன், வெளிய யாருகிட்டயாச்சும் பேசும்போது நானும் பண்ணைக்காட்டுக்காரின்னுதான் சொல்லுவேன். இதுல மரியாதைக் குறைவுன்னு யாரும் நெனச்சதில்ல. யாரும் நெனச்சுப் பாத்ததே இல்லங்கிறதுதான் சரி. அவங்க பேரு ரேஷன் கார்டுல இருந்துச்சு, கல்யாணப் பத்திரிகையில இருந்துச்சு. எங்க வீட்டுக் காத்துல இல்ல.

கடைசியா கம்பெனிக்காரங்களே வாயைத் திறந்து ஒரு வீடியோ விட்டாங்க. ஆமா, இந்தக் கேம்ல நாம பாக்காத ஆளுங்களும் தானா வாழுவாங்க, தின்னுவாங்க, தூங்குவாங்கன்னு அவங்க வாயாலயே சொன்னாங்க. கேக் யூகம் அச்சு அசலா பலிச்சுருச்சு! எனக்குப் போன் மேல போன். ஞாயித்துக்கிழமை நேரலையில வரேன், எப்படிக் கண்டுபிடிச்சேன்னு சொல்றேன்னு அறிவிச்சேன்.

அந்த வாரம் மதினி மிளகு பறிக்க ஒத்தாசைக்கு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்க. சனிக்கிழமை நானே போன் போட்டேன். குத்தமுள்ள நெஞ்சு, இந்தத் தடவை செஞ்சே தீரணும்னு தோணுச்சு.

"மதினி, நாளைக்கு நாலு மணிக்கு. உங்க பேரைக் கண்டிப்பா சொல்றேன். அம்மாவை உக்கார வைங்க."

"நெசமாவா புள்ள?" அவங்க கொரல் அப்படி ஏறி நான் கேட்டதே இல்ல. "எங்க சித்தியையும் கூப்பிடுறேன்."

நெசமாவே சொல்லணும்னுதான் உக்காந்தேன். சத்தியமா. ஒரு சீட்டுல அவங்க பேரை எழுதி மானிட்டருக்குக் கீழ ஒட்டியும் வச்சிருந்தேன். அதுவரைக்கும் நான் பாக்காத கூட்டம் அன்னைக்கு. கமெண்ட் படிக்க முடியாத வேகத்துல மேல ஓடுது. ஒருத்தர் கேட்டாரு: எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?

நான் நிமிந்து உக்காந்து சொன்னேன்: "மக்களே, ஒரு உண்மையைச் சொல்லணும். இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. எங்க வீட்டுப் பண்ணைக்காட்டுக்காரி."

நாக்குல அதுதான் வந்துச்சு. கண்ணுக்கு முன்னாடி சீட்டு ஒட்டியிருக்கு. எட்டு வருசப் பழக்கம் சீட்டைத் தாண்டி வந்து நின்னுருச்சு. சொன்னதும் எனக்கே சுருக்குன்னுச்சு. திருத்தியிருக்கலாம், அடுத்த மூச்சுல திருத்தியிருக்கலாம். அதுக்குள்ள கமெண்ட்ல ஒருத்தன் எழுதிட்டான்: அது யாருக்கா, உங்க வீட்டுச் சமையல்காரம்மாவா? அதுக்குக் கீழ வரிசையா சிரிப்புப் பொம்மைங்க.

நானும் சிரிச்சேன்.

"ஆமா, அவங்க சமைக்கலன்னா நான் பட்டினிதான்"னு சொன்னேன். கூட்டம் சிரிக்கும்போது கூடச் சிரிச்சுட்டுப் போறது எவ்வளவு லேசு. அவங்க சிரிப்புல நான் மெதந்துட்டு இருந்தேன். அடுத்த கேள்வி வந்துச்சு, அதுக்குப் பதில் சொன்னேன், ஒரு மணி நேரம் ஓடிருச்சு. வீடியோவை நிறுத்திட்டுத் தண்ணி குடிக்கும்போதுதான் சீட்டு கண்ணுல பட்டுச்சு.

போன் பண்ணப் பயந்துக்கிட்டுப் பண்ணல. மதினி புதன்கிழமை வந்தாங்க. எப்பவும் போல ஒரு சீப்பு மலை வாழைப்பழம், ஒரு பொட்டலம் காப்பித்தூள். எப்பவும் போல முந்தானையைச் சொருகிக்கிட்டு அடுப்படிக்குள்ள போனாங்க. நான் பின்னாடியே போயி நின்னேன்.

"மதினி, வாய் தவறிருச்சு. மன்னிச்சுருங்க."

"வாய் தவறல புள்ள. பழக்கத்துல வந்துச்சு." அரிசி களைஞ்சுக்கிட்டே சொன்னாங்க. கோவம் இல்ல. அதுதான் எனக்குத் தாங்கல.

"உங்கம்மா என்ன சொன்னாங்க?"

அரிசி களைஞ்ச தண்ணியை வடிச்சு ஊத்தினாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா சொன்னாங்க. கல்யாணம் ஆன புதுசுலயே அவங்கம்மா கேட்டிருக்கு, அங்க உன்னை எப்படிடி வச்சுக்கிறாங்கன்னு. "மக மாதிரி வச்சுக்கிறாங்கம்மா, எல்லாரும் என்னைப் பேரு சொல்லித்தான் கூப்பிடுறாங்க"ன்னு இவங்க சொல்லி வச்சிருக்காங்க. எட்டு வருசமா அந்தம்மா அதைத்தான் நம்பிக்கிட்டு இருக்கு. அன்னைக்கு நாலு மணிக்கு அம்மா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு ஆறேழு பேரு ஒரு போனைச் சுத்தி உக்காந்திருக்காங்க. நான் பண்ணைக்காட்டுக்காரின்னு சொன்னதும் அந்தம்மா கேட்டிருக்கு: "அது யாருடி?"

"நான் என்ன செய்ய? அதுக்குள்ள நீயும் சமையக்காரம்மான்னு சிரிச்சுட்ட. அது அங்க வேலை பாக்குற அம்மா, நம்ம ஊர்க்காரங்கதான்னு சொல்லிட்டேன்."

அரிசியை உலையில போட்டுட்டு மேல சொன்னாங்க.

"அப்புறம் கடைசி வரைக்கும் உக்காந்திருந்துச்சு எங்கம்மா. உன் பேரு எப்படி வரும்டி, எப்ப வரும்டின்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நீ முடிச்சுட்டுப் போயிட்ட. அடுத்த வாரம் சொல்லுவாம்மான்னு சொன்னேன்."

"சொல்லிடுறேன் மதினி. இந்த ஞாயித்துக்கிழமையே சொல்றேன். உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன்."

"வேண்டாம் புள்ள." அப்பத்தான் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. "இப்ப என் பேரைச் சொன்னா உன் ஆளுங்க மொதல்ல என்ன கேப்பாங்க? அவங்கதான் அந்தச் சமையக்காரம்மாவான்னு கேப்பாங்க. எங்கம்மா அதையும்தான் பாக்கும். எட்டு வருசமா நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஒரே நாள்ல தெரிஞ்சு போகும். அதுக்கு வயசாச்சு. எதுக்கு?"

அவங்க சொன்னது சரிதான். ஒவ்வொரு வாரமும் எவனாச்சும் ஒருத்தன், பண்ணைக்காட்டு அக்கா இன்னைக்கு என்ன சமையல்னு கேட்டு எழுதுறான். நான் வச்ச தீ, அணைய மாட்டேங்குது.

வீட்டுல அம்மாகிட்டச் சண்டை போட்டேன். அவங்களுக்குப் பேரு இருக்குல்ல, பேரு சொல்லிக் கூப்பிட்டா என்னன்னு கத்தினேன். "இத்தன வருசமா நான் கூப்பிட்டதுக்கு அவ திரும்பிப் பாக்காமலா இருந்தா? இப்ப என்ன புதுசா?"ன்னு அம்மா என்னையே வெறிச்சுப் பாத்துச்சு. அம்மா மேல தப்பு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நான் மட்டும் என்ன கிழிச்சேன்?

அதுக்கப்புறம் ரெண்டு படம் வந்துச்சு. ரெண்டையும் எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போனேன். மதினி கையைத் தொடச்சுட்டுப் போனை வாங்கிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அவங்க கண்ணு ஒரு எடத்துல போயி நின்னதை நான் பாத்தேன். சத்தியமா பாத்தேன். அப்புறம் போனைத் திருப்பிக் குடுத்தாங்க.

"நல்லாருக்கு புள்ள."

"என்ன தெரியுது மதினி?"

"படம்தான் தெரியுது."

அவ்வளவுதான். அந்தப் படத்தை நானே உக்காந்து ஒரு நாள் முழுக்கப் பாத்தேன். மேசை, நாற்காலி, ஒரு பொம்பள. ஒரு மண்ணும் தெரியல. என் கழுகுக் கண்ணு லட்சணம் இதுதான். வீடியோவுல ஏதேதோ ஒளறினேன், யாரும் பெருசா கண்டுக்கல. அதுல எனக்கு வருத்தம் இல்ல. இன்னும் கொஞ்சம் பட்டாலும் தகும்.

இதை எழுதட்டுமான்னு மதினிகிட்டக் கேட்டேன். வீடியோவுல சொல்லாததை எழுத்துல சொல்றேன், உங்க பேரைப் போட்டு எழுதுறேன்னேன். "எழுதணும்னா எழுது. பேரு மட்டும் வேண்டாம். எங்கம்மாவுக்கு யாராச்சும் படிச்சுக் காட்டுனா, அது வேற யாரோன்னு சொல்லிக்கிறேன்" அப்படின்னாங்க. அதான் இதுலயும் அவங்க பேரு இல்ல. மனசு முழுக்கக் கெடக்கு, எழுதத்தான் எனக்கு உரிமை இல்ல.

கேம் சீக்கிரம் வந்துரும்னு சொல்றாங்க. வந்துட்டா அப்புறம் படத்தைப் பாத்து யூகம் சொல்ற சோலியும் இல்ல, ஞாயித்துக்கிழமை வீடியோவும் இல்ல. அதுவரைக்கும் நான் நாலு மணிக்கு உக்காந்து பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். கேம்னா என்னன்னே தெரியாத ஒரு அம்மா பண்ணைக்காட்டுல இருந்து ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அதைப் பாக்குது. முடிஞ்ச அஞ்சாவது நிமிசம் எங்க அடுப்படியில போன் அடிக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும்.

"ஆமாம்மா, நானும் பாத்தேன். இல்லம்மா, மறந்திருப்பா. அடுத்த வாரம் சொல்லுவா."